கயிற்றில் படிந்த வெள்ளை

செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால்.

நிலையத்துத் தொலைபேசியை ஏட்டு எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கையால் பொத்திக்கொண்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"மேடம், ஒருத்தர் அழறார். பொண்ணைக் கொன்னுட்டாங்களாம்."

"எங்கே?"

"ஆத்தோரத்து வெங்காய விதைத் தோட்டம்."

தேநீர்க் குவளையை எடுக்கப் போன இன்ஸ்பெக்டரின் கை பாதியில் நின்றது. அந்தத் தோட்டக்காரருக்கு ஒரே மகள். அந்த மகள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. சந்தைக்குக் கூடைகளை ஏற்றிப் போன வேன் மழையில் வழுக்கிப் பாலத்திலிருந்து விழுந்தது. அந்தச் செய்தியைக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் நின்று சொன்னவர் இவர்தான். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய், எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது இன்னும் அவர் கண்ணில் இருந்தது.

தொலைபேசியை வாங்கினார். "ஐயா, நான் இன்ஸ்பெக்டர் பேசறேன்."

"மறுபடியும் கொன்னுட்டாங்க மேடம்" என்றது அந்தக் குரல். "இந்தத் தடவை மிச்சமில்லாம."

ஏழு மணிக்கு ஜீப் தோட்டத்து வாசலில் நின்றது. இன்ஸ்பெக்டர் குள்ளமான பெண்மணி. எதைப் பார்த்தாலும் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்ப்பார். நிலையத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் வழங்கும் பெயர் பூதக்கண்ணாடி. அது அவருக்கும் தெரியும். தெரியும் என்பது ஏட்டுக்குத் தெரியாது.

வீட்டுக்குப் பின்னால் நீளமான கண்ணாடிக் கொட்டகை. அதன் கதவுக்கு வெளியே தோட்டக்காரர் நின்றிருந்தார். உள்ளே அவர் மனைவி. கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் அவர் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"ஏன் வெளியவே நிக்கறீங்க?"

"காலை அவங்க நேரம்" என்றார் தோட்டக்காரர். "என் நேரம் சாயங்காலம்."

ஏட்டு இன்ஸ்பெக்டரின் காதோரம் வந்து சொன்னார். "புருஷன் பொண்டாட்டிக்குப் பேச்சுவார்த்தை கிடையாது மேடம். பொண்ணு போனதிலிருந்து. அன்னிக்கு வேன் ஓட்டவேண்டியது அப்பாவாம். காய்ச்சல்னு படுத்துட்டாராம். 'நீங்க போயிருந்தா அவ இருந்திருப்பா'ன்னு அந்தம்மா சொன்னதுதான் கடைசிப் பேச்சாம். இவர் இப்ப வேன் நிறுத்தற கொட்டாயில தனியாப் பொங்கித் தின்னுக்கறார்."

"இதெல்லாம் உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"சந்தைல வெங்காயம் வாங்கறப்போ சொன்னாங்க. எனக்கு வெங்காயம்னாலே ஆகாது, கண்ணு கலங்கும். வீட்ல கேக்க மாட்டேங்கறாங்க."

இன்ஸ்பெக்டர் உள்ளே போனார்.

இரண்டு வரிசையில் பன்னிரண்டு பாத்திகள். ஒவ்வொன்றிலும் இடுப்புயர வெங்காயப் பூத்தண்டுகள். ஒவ்வொரு தண்டும் சாயாமல் இருக்கக் குச்சி நட்டுச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. பதினொரு பாத்திகள் செத்துக் கிடந்தன. இலைகள் வெந்து வெளிறி, காகிதம்போல் சுருண்டிருந்தன. பூத்தண்டுகள் கழுத்து முறிந்து கயிற்றில் தொங்கின. விரிய இருந்த மொட்டுப் பந்துகள் மூடிய கைபோலக் கருகியிருந்தன.

மூலையில் இருந்த கடைசிப் பாத்தி மட்டும் பச்சையாக நின்றது. அதன் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே, கம்பத்து ஆணியில், நீல நிற வேலைக் கோட்டு ஒன்று தொங்கியது.

"எப்பம்மா பார்த்தீங்க?"

"விடிஞ்சதும். கதவைத் திறந்தேன். நாத்தம்தான் முதல்ல வந்துச்சு."

"அதுக்கு முன்னாடி எப்போ வந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை காலைல. நேத்து சந்தை. நான் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன். அவரும் கடைகளுக்குப் போட வேனை எடுத்துட்டுப் போயிட்டார், ராத்திரிதான் வண்டி திரும்பி வந்துச்சு. நாள் பூரா பூட்டித்தான் கிடந்துச்சு."

"மேல் ஜன்னலெல்லாம்?"

"மூடித்தான் வைப்போம். பக்கத்துத் தோட்டத்துக் குடைமிளகாய்ல சாம்பல் நோய். வெள்ளை வெள்ளையா மாவு தூவின மாதிரி வரும். அதுக்கு மழை வேண்டாம், ஈரம் வேண்டாம், காத்து இருந்தாப் போதும், இங்க வந்துடும். எவ்வளவு மூடியும் வந்துடுச்சு."

"நேத்து வெயில் எப்படி?"

"சந்தைல தார் உருகுச்சு."

"ஞாயித்துக்கிழமை செடி எப்படி இருந்துச்சு?"

"நோய் இருந்துச்சு. உயிரும் இருந்துச்சு."

"நீங்க எதாவது தெளிச்சீங்களா?"

"இல்லை" என்றார் அந்த அம்மா. கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் பாத்தி பாத்தியாகக் குனிந்து நடந்தார். செத்த இலைகளின் மேல் வெள்ளைத் திட்டுகள். அவற்றைத் தாங்கிய குச்சிகள் மேலும் பொட்டுப்பொட்டாய் வெள்ளை. சணல் கயிற்றிலும் அதே வெள்ளை. கயிறுகளெல்லாம் வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தன. மூன்றாம் பாத்தியில் ஒன்றே ஒன்று மட்டும் புதுக் கயிறு, வைக்கோல் நிறத்தில். அதன் முடிச்சு பூ மாதிரி அழகாக இருந்தது. அதன் மேலும் வெள்ளைப் பொட்டுகள்.

மூலைப் பாத்திக்கு வந்தார். இங்கே கயிற்றில் வெள்ளை இல்லை. குச்சியில் இல்லை. இரண்டொரு இலையில் மட்டும் விரல் நகம் அளவு சாம்பல் திட்டு. இலைகளோ துடைத்துவைத்த பச்சைப் பாட்டில்போலப் பளபளத்தன.

கோட்டைப் பார்த்தார். அதிலும் வெள்ளை இல்லை. அதன் கைகள் இரண்டும் இரண்டு மடிப்பு மடித்துவிடப்பட்டிருந்தன. ஒரு மடிப்பின் ஓரத்தில் கருப்பாய் ஏதோ ஊறியிருந்தது.

வெளியே வரும்போது கதவோரம் இருந்த தொட்டிகளிடம் மறுபடி குனிந்தார். தொட்டிகளில் வெங்காயத்துக்கு உறவான லீக்ஸ் கீரை நட்டிருந்தது. அதன் இலையிலும் தொட்டி விளிம்பிலும் அதே வெள்ளைப் பொட்டுகள். ஆனால் லீக்ஸ் ஜம்மென்று நிமிர்ந்து நின்றது. இலை மேல் திராட்சைப் பழத்தில் இருப்பதுபோல நீலம் கலந்த மங்கல் பூச்சு. இன்ஸ்பெக்டர் விரலால் தேய்த்தார். தேய்த்த இடம் மட்டும் பளிச்சென்று ஆனது.

"பூட்டு உடையலை மேடம்" என்றார் ஏட்டு. "கண்ணாடி ஒண்ணுகூட விரிசல் விடலை. சாவி வெச்சிருக்கறவங்க வேலைதான்."

"எத்தனை சாவி ஐயா?"

"மூணு" என்றார் தோட்டக்காரர். "ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு அவங்ககிட்ட. மூணாவது பொண்ணோடது. அது அந்தப் பயகிட்ட இருக்கு."

"எந்தப் பய?"

"அவளைக் கட்டிக்க இருந்தவன். விதைக் கம்பெனிக்காரன். அவன் கம்பெனி எத்தனை தடவை வந்து கேட்டுச்சு தெரியுமா, இந்த வெங்காயத்தை வித்துடுன்னு. கிடைக்கலை. கிடைக்காதது யாருக்கும் இருக்கக்கூடாதுன்னு பண்ணிட்டான்."

"அப்படி என்ன வெங்காயம் இது?"

தோட்டக்காரர் முதன்முறையாக நிமிர்ந்தார். "சாம்பல் நோய் வந்தாலும் சாகாத வெங்காயம். அவ வருஷக்கணக்கா உருவாக்கிட்டிருந்தா. நோய் வர்றப்போ எதுவும் அடிக்கமாட்டா. சாகறது சாகட்டும்பா, தாங்கி நிக்கறதிலதான் விதை எடுப்பேன்னு சொல்லுவா. மருந்தடிச்சுக் காப்பாத்தினா எது தாங்கும் எது தாங்காதுன்னு எப்படித் தெரியும்? அதான் அவ சட்டம். இந்தக் கொட்டகைக்குள்ள ஸ்பிரேயர் வரக்கூடாது."

"பழைய விதை எதுவும் இல்லையா?"

"வெங்காய விதைக்கு ஆயுசு கம்மி மேடம். போன பருவத்து விதை இப்பவே பாதிகூட முளைக்காது. இருந்த கிழங்கு பூராவும் அவதான் கையால நட்டா. பூத்தண்டு விட்டுட்டா அடியில கிழங்கும் மிஞ்சாது. இந்தப் பூவிலிருந்து விதை வந்தா உண்டு. இல்லைன்னா அவ்வளவுதான். அவ பேர் சொல்ல ஒண்ணும் இல்லை."

"நீங்க கடைசியா எப்போ உள்ள போனீங்க?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம். தண்ணி விட்டேன். வேருக்கு மட்டும். இலையில ஒரு சொட்டு படாது."

"அப்ப செடி நல்லா இருந்துச்சா?"

"ஒத்தை பல்பு வெளிச்சம். என் கண்ணும் முன்ன மாதிரி இல்லை."

"அந்தக் கோட்டு?"

"அவளோடது. கடைசி நாள் அவ மாட்டினபடியே இருக்கு. யாரும் தொடறதில்லை."

"பொண்ணு நல்ல உயரம் இல்ல?"

"என்னைவிட ஒரு பிடி உயரம்" என்றார். பிறகு குரல் மாறியது. "பொழுது சாயறதுக்குள்ள அவனைப் பிடிச்சு உள்ள வைங்க மேடம். இல்லைன்னா நானே போய்ப் பார்த்துக்கறேன். எனக்கு இனிமே போக என்ன இருக்கு?"

அதை அவர் கத்திச் சொல்லவில்லை. அதனாலேயே இன்ஸ்பெக்டருக்குப் பயமாக இருந்தது.

கிளம்புமுன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். மேடை மேல் ஒரு சமையல் எண்ணெய் டின், கிண்ணத்தின் மேல் தலைகீழாகக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வடிய வைத்திருந்தது. பக்கத்தில் கத்தியால் சீவிய துணி சோப்பு, பாதிதான் மிச்சம். ஜன்னல் விளிம்பில் துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் சின்ன பாட்டில் ஒன்று.

"தனி ஆளுக்கு எண்ணெய் இவ்வளவு சீக்கிரம் தீருமாம்மா?"

"தீர்ந்துபோச்சு" என்றார் அந்த அம்மா, டின்னைப் பார்க்காமல்.

காலை பதினொரு மணி.

விதைக் கம்பெனிக் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் ஒரு காலண்டர். காலண்டரில் எட்டு மாதத்துக்கு முந்தைய தாள் இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது. இளைஞன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். செய்தியை இன்ஸ்பெக்டர் சொன்னபோது அவன் எழுந்து நின்று, பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவன்போல மறுபடி உட்கார்ந்தான்.

"எல்லாமேவா?"

"சாவி எங்க தம்பி?"

கழுத்தில் கயிறு கட்டிப் போட்டிருந்தான். எடுத்துக் காட்டினான்.

"உள்ள போறதுண்டா?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் போவேன். காலைல அத்தை இருப்பாங்க, சாயங்காலம் மாமா இருப்பார். மத்தியானம் யாரும் இருக்கமாட்டாங்க. அந்த மூலையில கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வந்துடுவேன்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா சாவியைக் கேப்பாங்களோன்னு பயம்."

ஏட்டு தொண்டையைச் செருமினார். "ஏன்ப்பா, உன் கம்பெனிக்கு வெங்காயம் கிடைக்கலைன்னு கோபம். உனக்கும் அதில பதவி உயர்வு போச்சு. சரிதானே?"

"போச்சு. அவளே கொடுக்காதேன்னு சொன்னப்புறம் நான் கம்பெனிக்காரனாப் பேசலை சார்."

"போன ஞாயித்துக்கிழமை என்ன பார்த்தே?" என்றார் இன்ஸ்பெக்டர். "யோசிச்சு சொல்லு."

"செடியெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. அங்கங்க நோய் இருந்துச்சு, ஆனாலும் ஒரு மினுமினுப்பு. தெம்பா இருக்குன்னு நினைச்சேன். அவ இருந்தா குதிச்சிருப்பா. ஒரு தண்டு கயிறு அறுந்து சாஞ்சிருந்துச்சு. புதுக் கயிறு போட்டுக் கட்டிட்டு வந்தேன்."

"மூணாவது பாத்தியா?"

அவன் அண்ணாந்து பார்த்தான். "ஆமாம். எப்படித் தெரியும்?"

"முடிச்சு யார் கத்துக்கொடுத்தது?"

"அவதான்."

"கட்டறப்போ உன் கயிறு சுத்தமா இருந்துச்சா?"

"அப்பதான் புதுச் சணல் கண்டிலிருந்து வெட்டினேன் மேடம்."

"மத்த கயிறு, குச்சி எதிலாவது வெள்ளையா ஏதாவது?"

"இல்லையே. சாம்பல் நோய் கயித்தில எப்படி வரும்? அது உயிருள்ள இலையில மட்டும்தான் வாழும். இலை செத்தா அதுவும் சாகும். செத்த சணல்ல அதுக்கு என்ன இருக்கு?"

இன்ஸ்பெக்டர் சற்று நேரம் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்குத் தோட்டத்துக்கு வா தம்பி. அதுவரைக்கும் இந்த அறையை விட்டு வெளிய வராதே. மாமா வந்து தட்டினாக்கூடத் திறக்காதே."

பகல் பன்னிரண்டரை. கடைத்தெரு.

உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடைக்காரர் பருத்த ஆள். போலீஸைப் பார்த்ததும் கல்லாப்பெட்டியை மூடினார்.

"பயப்படாதீங்க. சாம்பல் நோய்க்கு என்ன கொடுப்பீங்க?"

"கந்தகம்தாம்மா. தண்ணியில கரைச்சு அடிக்கற தூள். அடிச்சுக் காய்ஞ்சா வெள்ளைப் பொட்டா நிக்கும், நோயா மருந்தான்னு பார்த்தாத் தெரியாது."

"ஆத்தோரத்துத் தோட்டக்காரர் வாங்கினாரா?"

கடைக்காரர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு வேறெங்கோ பார்த்தார். "வெள்ளிக்கிழமை. பையில போட்டுக் கொடு, யாருக்கும் தெரியக்கூடாதுன்னார். சாராயம் வாங்கற மாதிரி வாங்கிட்டுப் போனார்."

"ஆள் மாட்டிக்கிட்டார் மேடம்" என்றார் ஏட்டு மெதுவாக.

"அந்தத் தூள் செடியைக் கொல்லுமா?"

"இதா? தனியா அடிச்சா இது பச்சைக் குழந்தைம்மா. எண்ணெய் அடிச்ச இலை மேல பட்டாத்தான் பேய் பிடிக்கும். எண்ணெய் தெளிச்சா ரெண்டு வாரம் கந்தகம் பக்கமே போகக்கூடாது. அதுவும் மூடின கொட்டகை, நேத்து மாதிரி வெயில்னா, ஒரே பகல்ல வெந்துடும். ஆனா அவருக்கு அது நல்லாத் தெரியுமே. அவர்கிட்ட எண்ணெய் விக்கவே முடியாது. எங்க கொட்டகையில எண்ணெய் வாடையே கூடாதும்பார்."

இன்ஸ்பெக்டர் நன்றி சொன்னார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகும் வண்டியை எடுக்கச் சொல்லவில்லை.

"என்ன மேடம்?"

"கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்னு இருக்குய்யா" என்றார்.

மாலை நாலு மணி.

கண்ணாடிக் கொட்டகைக்குள் மூவரும் நின்றார்கள். அந்த அம்மா வாளிப் பக்கத்தில். தோட்டக்காரர் கதவோரம். நடுவில், செத்த பாத்திகளைப் பார்த்தபடி அந்த இளைஞன். தோட்டக்காரரின் கை இடுப்பில் இருந்த கத்தரிக்கோல் உறையின் மேல் இருந்தது. ஏட்டு அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"இவன் இல்லை ஐயா" என்றார் இன்ஸ்பெக்டர். "முதல்ல கையைக் கீழ போடுங்க."

அவர் போடவில்லை.

"இங்க கயித்திலயும் குச்சியிலயும் வெள்ளை இருக்கு. நோய் கயித்தில வராது. அப்ப அது மருந்து. அந்த மூணாவது பாத்தியில இருக்கற புதுக் கயிறு இந்தத் தம்பி ஞாயித்துக்கிழமை மத்தியானம் கட்டினது. அதிலயும் வெள்ளை இருக்கு. அதனால மருந்து அடிச்சது அதுக்கப்புறம். திங்கக்கிழமை யாரும் உள்ள வரலை. நடுவில வந்தது ஒருத்தர்தான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம்."

தோட்டக்காரரின் கை தானாகக் கீழே இறங்கியது.

"வெள்ளிக்கிழமை கந்தகத் தூள் வாங்கினீங்க. மிச்சத்தைக் கதவோரம் லீக்ஸ் தொட்டியில அடிச்சு ஸ்பிரேயரைக் காலி பண்ணினீங்க. சரியா?"

தோட்டக்காரர் கதவோரத் தொட்டிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"சாகறதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியலை மேடம்" என்றார் அவர். "அவ சட்டம்னு தெரியும். ஒவ்வொரு நாளும் ஒரு இலை வெளுக்குது. அவ நட்ட செடி. எது தாங்குது எது தாங்கலைன்னு எண்ணிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. எல்லாமே இருக்கட்டும்னு அடிச்சேன். அவங்களுக்குத் தெரிஞ்சா, பொண்ணு சொன்னதைக்கூடக் காப்பாத்தலையான்னு..." முடிக்காமல் நிறுத்தினார். "ஆனா கந்தகம் கொல்லாது மேடம். சத்தியமாக் கொல்லாது."

"கொல்லாது. அந்த லீக்ஸே சாட்சி. அது உயிரோட இருக்கு. லீக்ஸ் இலை மேல மங்கலா ஒரு பூச்சு இருக்கு பாருங்க, வெங்காயத் தாளிலயும் அது இருக்கணும். இங்க உள்ள எந்த இலையிலயும் இல்லை. ஞாயித்துக்கிழமை மத்தியானமே எல்லாம் பளபளன்னு இருந்துச்சுன்னு தம்பி சொல்றான். எண்ணெயும் சோப்பும் பட்டா அந்தப் பூச்சு போயிடும்."

இன்ஸ்பெக்டர் அந்த அம்மாவைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்தார்.

"அந்தக் கோட்டுல கை ரெண்டு மடிப்பு மடிச்சிருக்கு. உயரமான பொண்ணு தன் கோட்டுக் கையை எதுக்கு மடிக்கணும்? கோட்டுக் கை தனக்கு நீளமாப் போற குள்ளமானவங்கதான் மடிப்பாங்க. மடிப்புல எண்ணெய்க் கறை இருக்கு."

அந்த அம்மா மெல்ல வாளியில் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை காலைல" என்றார். "இந்த நோய்க்குக் கைவைத்தியம், எண்ணெய்ல சோப்பைக் கரைச்சு, தண்ணி கலந்து. சின்ன பாட்டில்ல. ஒவ்வொரு இலையா. எனக்கும் தாங்கலை. அவ கோட்டைப் போட்டுக்கிட்டேன். அவ கோட்டைப் போட்டுக்கிட்டு அடிச்சா, அவளே மனசு மாறி அடிக்கற மாதிரி இருக்கும்னு தோணுச்சு." தன் கணவர் பக்கம் பார்க்காமல், இன்ஸ்பெக்டரிடமே சொன்னார்: "அவர்கிட்ட சொல்லுங்க. அவர் கந்தகம் அடிப்பார்னு எனக்குத் தெரியாது. சட்டத்தைக் காப்பாத்தறவர்னு நினைச்சேன்."

கதவோரம் நின்ற கணவர் காதில் அது விழாமல் இல்லை. ஆனாலும் இன்ஸ்பெக்டர் திரும்பி அவரிடம் சொன்னார். "நீங்க அடிப்பீங்கன்னு அவங்களுக்குத் தெரியாதாம்."

"அவங்க அடிப்பாங்கன்னு எனக்கும் தெரியாதுன்னு சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை.

"எண்ணெய் மட்டும்னா பிழைச்சிருக்கும். கந்தகம் மட்டும்னா பிழைச்சிருக்கும். ரெண்டும் பட்டது, கொட்டகை மூடிக் கிடந்தது, வெயில் காய்ஞ்சது. பதினொரு பாத்தி போச்சு" என்றார். "இந்த மூலைப் பாத்தி மட்டும் ஏன் போகலைங்கறதுதான் எனக்குக் காலைலேர்ந்து உறுத்தல். எண்ணெய் இதிலயும் பட்டிருக்கு. கந்தகம் படலை. இங்க வரைக்கும் வந்துட்டு ஏன் ஐயா நிறுத்தினீங்க? மருந்தும் மிச்சம் இருந்துச்சே, தொட்டியில அடிக்கற அளவுக்கு."

தோட்டக்காரர் கம்பத்து ஆணியைக் காட்டினார்.

"கோட்டு மேல பட்டுடும். கந்தகம் ஒரு தடவை துணியில ஏறினாப் போகாது. எடுத்து வேற இடத்தில மாட்டலாம், ஆனா அவ மாட்டினதை நான் எப்படி எடுக்கறது? அவ வாசனை இருக்கு அதுல. எட்டு மாசமா தினம் சாயங்காலம் இங்க வந்து நின்னு... தொடமாட்டேன். பக்கத்தில நின்னுட்டுப் போவேன்."

காய்ந்த இலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவர் நடந்தார். செத்த பாத்திகளுக்கு நடுவே, மனைவி உட்கார்ந்திருந்த மூலைக்கு வந்து நின்றார்.

"நீ போட்டுக்கிட்டப்போ இருந்துச்சா?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டரிடம் இல்லை.

"என்னது?"

"அவ வாசனை."

அந்த அம்மா தலையை ஆட்டினார். "இருந்துச்சு. காலர்கிட்ட. கொஞ்சம்."

"இப்போ?"

அவர் எழுந்து கோட்டை ஆணியிலிருந்து எடுத்தார். கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு நீட்டினார். தோட்டக்காரர் இரண்டு கையாலும் வாங்கி, காலரில் முகத்தை வைத்தார். வெகுநேரம் அப்படியே நின்றார். தோள்கள் மட்டும் ஏறி இறங்கின.

"எண்ணெய் வாடை" என்றார் கடைசியில். "சோப்பு. அப்புறம் உன் வாசனை."

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் மனைவி. "எனக்குத் தெரியாது."

"சரி. விடு."

மடித்த கைகளை அவர் பிரிக்கவில்லை. அப்படியே கொண்டுபோய் ஆணியில் மாட்டினார்.

இளைஞன் கழுத்துக் கயிற்றைக் கழற்றிச் சாவியை நீட்டினான். "மாமா, இது..."

தோட்டக்காரர் அதைப் பார்த்தார். காலையிலிருந்து அவனைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவர் முகத்தில் வந்து நின்றது. "நீயே வெச்சுக்கோப்பா" என்றார். "அந்த முடிச்சு எங்களுக்கு வராது. தண்டு சாஞ்சா நீதான் கட்டணும்."

மூலைப் பாத்தியின் ஓரத்தில், முதல் செடியின் வெளி இலையில், காலையில் நகம் அளவு இருந்த சாம்பல் திட்டு இப்போது கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. தோட்டக்காரர் தன்னை அறியாமல் குனிந்து, கட்டைவிரலால் அதைத் துடைக்கப் போனார்.

"வேண்டாங்க" என்றார் மனைவி.

கை நின்றது.

"அவ சொன்னா இல்ல. சாகறது சாகட்டும்னு."

"இதுவும் போச்சுன்னா?"

அந்த அம்மா கவிழ்த்த வாளியில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். தோட்டக்காரர் கொஞ்ச நேரம் நின்றார். வாளியில் இடம் போதாது. பாத்தி வரப்பில் மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டரும் ஏட்டும் வெளியே வந்தார்கள். ஏட்டு கைக்குட்டையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"வெங்காயம் மேடம். சொன்னேன் இல்ல, ஆகாதுன்னு."

"உரிக்காத வெங்காயத்துக்கா?"

ஏட்டு மூக்கை உறிஞ்சினார். "குத்தவாளின்னு யாரை எழுதட்டும்?"

"வெயில்னு எழுது."

"வெயிலை எப்படி மேடம் எழுதறது?"

"எழுதாம விடு அப்ப."

ஜீப்பில் ஏறுமுன் இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு உள்ளே இளைஞன் செத்த தண்டுகளிலிருந்து கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தான். மூலையில் அந்த இருவரும் அந்த ஒற்றை இலையைப் பார்த்தபடி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது கணவர் நேரமா, மனைவி நேரமா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. இலையை இருவரும் தொடவில்லை.